கசிந்தது ஒரு பைப், கலைந்தது சமையலறை: எதை முதலில் முடிவு செய்வது?

வாசகி கேட்டது:

திருச்சியில் மாடி வீட்டில் வசிக்கிறோம். 1994-ல் மாமனார் கட்டிய வீடு. கீழே வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். சில மாதங்களாக ஹால் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்துகொண்டே இருந்தது. பிளம்பரை அழைத்தோம். ஹாலுக்கும் சமையலறைக்கும் பொதுவான வடக்குச் சுவரில், சிங்க்குக்குப் பின்னால் கொத்திப் பார்த்தவர், உள்ளே ஓடும் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) இற்றுப்போய்விட்டது என்றார். கொத்தியதில் சுவர் டைல்ஸ் உடைந்தன. சிங்க்கைக் கழற்றும்போது மேடை கிரானைட் பிளந்துவிட்டது. அந்த டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

“இவ்வளவு ஆன பிறகு ஒரேயடியாக மாடுலர் போட்டுவிடலாம், சிங்க்கையும் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே மாற்றிவிடலாம்” என்கிறார் கணவர். வேஸ்ட் பைப் அந்தக் கிழக்குச் சுவருக்கு வெளியேதான் இறங்குகிறது. அடுப்பு இருக்கும் தென்கிழக்கு மூலையைத் தொடக் கூடாது, சிங்க்கும் அடுப்பும் ஒரே மேடையில் வரக் கூடாது என்கிறார் மாமியார். மகள் சிம்னி கேட்கிறாள். பழைய தரை டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டலாம் என்கிறார் மேஸ்திரி. எலெக்ட்ரீஷியன் பாயிண்ட் எங்கே என்கிறார், ஆசாரி அளவு கேட்கிறார், டைல்ஸ் கடையில் கலர் கேட்கிறார்கள். ஒருவருக்குப் பதில் சொன்னால் இன்னொருவர் வேலை இடிக்கிறது. ஹாலில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்துவிடுவோம். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். உங்கள் வீட்டு வயதைப் பார்த்தால் ஹாலில் இருப்பவை பெரும்பாலும் 5 ஆம்பியர் சாக்கெட்களாக இருக்கும். டி.வி.க்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதைச் சொருகியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஏ.சி.க்கோ வாஷிங் மெஷினுக்கோ போட்ட பெரிய பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்துச் சமையுங்கள். படுக்கையறையில் சாம்பார் வாசனை வரும், வரட்டும்.

இனி வேலைக்கு வருவோம். உங்களிடம் கேட்கிற ஒவ்வொருவரும் தன் வேலைக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் யார் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் கணக்கு இதுதான்: சுவருக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் போய் மறைகிற எல்லாவற்றையும் இப்போதே, குறையில்லாமல் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எதையும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம். இரண்டரை லட்சத்தில் மாடுலரும் போட்டு பைப், ஒயரிங்கையும் ஒழுங்காகச் செய்ய முயன்றால், வெட்டு விழுவது பைப்பிலும் ஒயரிங்கிலும்தான். ஷட்டர் கலர் எல்லோர் கண்ணிலும் படும், ஒயர் தடிமனை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுவருக்குள் போவதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டுமானால், வெளியே என்ன வரப்போகிறது என்பது இப்போதே தெரிந்திருக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள், ஆனால் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். இப்போதே வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டிய பொருள் ஒன்றுதான். அது சிங்க்.

சிங்க் எங்கே வருகிறது என்பதில்தான் உங்கள் மற்ற எல்லா முடிவும் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதில் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி, அழகுக்காக அல்லாமல் வாட்டத்துக்காக, அதாவது தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவுக்காக. சிங்க் கழிவு பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். எட்டு அடி ஓடினால் இரண்டு அங்குலம் இறங்கியாக வேண்டும். மாடி வீட்டில் தரையைத் தோண்ட முடியாது, பைப் தரைக்கு மேலே சுவரோரமாகத்தான் வர வேண்டும். வடக்குச் சுவரிலிருந்து மூலை திரும்பிக் கிழக்கே போகிற உங்கள் பைப் இத்தனை வருடம் அப்படித்தான் ஓடியிருக்கும், மூலையில் அடிக்கடி அடைத்தும் இருக்கும். சிங்க்கைக் கிழக்குச் சுவருக்கே கொண்டுபோனால் கழிவு நேராக வெளியே போய்விடும். அதைவிடப் பெரிய லாபம், ஹால் சுவர் பக்கம் இனிமேல் தண்ணீரே வராது. அங்கே ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, பிறகு எப்போதாவது மைக்ரோவேவ் என்று உலர்ந்த வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிங்க்கை ஏன் முதலில் வாங்கச் சொல்கிறேன் என்றால், சுவரில் கழிவுக்கான ஓட்டை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை அதன் ஆழம்தான் தீர்மானிக்கிறது. மேடை உயரம் 33 அங்குலம் என்று வையுங்கள். பத்து அங்குல ஆழ சிங்க் போனால் 23. அதற்குக் கீழே கப்ளிங்கும் (சிங்க்கின் வாயில் மாட்டுகிற இணைப்பு), டிராப்பும் (நாற்றம் மேலே வராமல் தண்ணீரைத் தேக்குகிற வளைவு) சேர்ந்து ஆறேழு அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 16 அல்லது 17. பிளம்பர் பழக்கதோஷத்தில் ஓட்டையை 18-ல் போட்டுவிட்டால் தண்ணீர் மேலே ஏற வேண்டியிருக்கும். அது ஏறாது. ஓட்டையை 14 அங்குலத்தை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சிங்க்கைப் பொறுத்தவரை ஒற்றைத் தொட்டி போதும், இட்லிக் குண்டானும் பெரிய குக்கரும் படுத்துத் திரும்புகிற அகலம் இருக்கட்டும். இரட்டைத் தொட்டி வாங்கியவர்களில் பலருக்கு இரண்டாவது தொட்டி பாத்திரம் கவிழ்க்கும் கூடையாகிவிடுகிறது.

குழாயை மேடைக் கல்லில் நிற்கிற மாதிரி வாங்குங்கள். சுவரில் பொருத்துகிற குழாய்க்கு ஜன்னலுக்குக் கீழே இடம் போதாது. அது மட்டுமில்லை, மேடையில் நிற்கிற குழாய் என்றால் தண்ணீர் பைப்பைச் சுவருக்குள் விடவே தேவையில்லை. மேடைக்கு அடியில் ஓடுகிற பைப்பைப் புதைப்பதால் யாருக்கு என்ன பயன்? எப்படியும் கதவு போட்டு மூடப்போகிற இடம். சுவருக்கு வெளியே கிளாம்ப் அடித்து ஓட்டினால் அடுத்த கசிவு வந்த அன்றே கண்ணில் படும், ஹால் பெயின்ட் உதிரும்வரை காத்திருக்க வேண்டாம். பிளம்பர் “வெளியே தெரிஞ்சா அசிங்கமா இருக்குமே மேடம்” என்பார். இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இற்றுப்போன துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மீதி ஜி.ஐ. பைப்புக்கும் அதே வயதுதான். சமையலறைக்கு வருகிற லைன் முழுவதையும் சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப்பாக மாற்றுங்கள். பழைய ஜி.ஐ.யோடு சேருகிற இடத்தில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் போடச் சொல்லுங்கள். ஒட்டிய பசை காய ஒரு நாள் விட்டு, பிறகு கைப்பம்பில் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் கல் பதிக்க விடாதீர்கள்.

அடுத்தது மாமியார். அவர் சொல்வது இரண்டுமே உங்களுக்குச் சாதகம். அடுப்பு மூலை உடையவில்லை, அதைத் தொடாமல் இருந்தால் செலவு மிச்சம். சிங்க் இப்போது கிழக்குச் சுவரின் வடகோடிக்கு, ஈசானிய மூலையை ஒட்டி வருகிறது. அவரே சந்தோஷப்படுவார். ஒரே மேடையில் தண்ணீரும் நெருப்பும் கூடாது என்பதில் சாஸ்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நியாயம் இருக்கிறது. சிங்க்கில் தெறிக்கிற தண்ணீர் அப்பளம் பொரிக்கிற எண்ணெயில் விழக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மூன்று அடியாவது வெறும் மேடை வேண்டும். காய் நறுக்கவும் குக்கரை இறக்கி வைக்கவும் அந்த இடம்தான் உதவும்.

அவருடைய ஆட்சேபத்தை முழுசாகவே தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுப்புப் பக்கம் பழைய கிரானைட்டை அப்படியே விடுங்கள். அடுப்பிலிருந்து இரண்டரை அடி தள்ளிக் கல்லை நேராக அறுத்துவிட்டு, அங்கிருந்து சிங்க், மூலை, வடக்குச் சுவர் வரை புதிய கல் போடுங்கள். புதிய பகுதியை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். அப்போது அது இரண்டு மேடையாகிவிடும். உங்களுக்கு இதில் மூன்று லாபம். முப்பது வருடத்துக்கு முந்தைய கிரானைட்டுக்கு ஜோடி தேடி அலைய வேண்டாம், படி இறங்குகிற இடத்தில் கல் மாறினால் அது வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கும். காய் நறுக்குகிற மேடை உயரமாகவும் அடுப்பு மேடை தாழ்வாகவும் இருப்பதுதான் முதுகுக்கும் நல்லது. சிங்க்கில் கை போவது மேடைக்கும் கீழே என்பதால், பாத்திரம் தேய்க்கும்போது குனிவதும் குறையும். ஒரே தொல்லை, அந்த இரண்டு அங்குல முட்டில் மாவும் தண்ணீரும் சேரும், துடைக்க வேண்டும். மேடைக்கு மேடை பாத்திரத்தை இழுத்துத் தள்ள முடியாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

உயரத்தை மேஸ்திரியின் ‘ஸ்டாண்டர்டு’க்கு விட்டுவிடாதீர்கள். செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கைவரை அளந்து, நாலைந்து அங்குலம் கழித்தால் நறுக்குகிற மேடையின் உயரம் கிடைக்கும். ஐந்து அடி ஓரங்குலம் இருக்கிற பெண்ணுக்கு அது 33, 34 அங்குலத்தை ஒட்டி வரும். செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டு, நீங்களும் மாமியாரும் ஆளுக்கொரு கத்தரிக்காயை நறுக்கிப் பாருங்கள். அடுப்புப் பக்கம் இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். கால் வைத்த கேஸ் அடுப்பே நாலைந்து அங்குலம் உயரம், அதன் மேல் குக்கர் ஏறினால் பருப்பு வெந்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கல்லை வெட்டி உள்ளே பதிக்கிற ஹாப் அடுப்பை வாங்கும் யோசனை இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். என்னைக் கேட்டால் வேண்டாம். நல்லாயிருக்கிற கல்லை எதற்கு வெட்டுவானேன்?

இந்த உயரக் கணக்கு நிற்க வேண்டுமானால் தரை மட்டம் மாறக் கூடாது. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலம் உயரும். கதவு தட்டும், அடியில் செதுக்க வேண்டும். ஹாலிலிருந்து உள்ளே வரும்போது கால் இடறும். தண்ணீர் போகிற ஜாலி பள்ளத்தில் போய்விடும். தரை உடையவில்லை என்றால் தரையைத் தொட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

மகளின் சிம்னிக்கு வருகிறேன். நம் ஊர் வீடுகளில் சிம்னிக்கு எதிரி லாஃப்ட்தான். பர்னரிலிருந்து சிம்னியின் அடிப்பாகம் 26-லிருந்து 30 அங்குலத்துக்குள் இருக்கச் சொல்கிறார்கள். மேடை 31, அடுப்பு 5, இடைவெளி 28 என்றால் சிம்னி அடி 64 அங்குலத்தில் நிற்கும். லாஃப்ட் வழக்கமான ஏழு அடியில் இருந்தால் நடுவே மிஞ்சுவது இருபது அங்குலம். அதற்குள் சிம்னியின் உடம்பும், புகைக்குழாய் மடங்குகிற எல்போவும் அடங்க வேண்டும். கடையில் கையைக் காட்டிய மாடலை வாங்கி வந்து, பொருத்த வருகிற பையன் “லாஃப்ட்ட உடைக்கணும் மேடம்” என்று சொல்கிற கதை இப்படித்தான் நடக்கிறது. லாஃப்ட் கான்கிரீட் பலகை, உள்ளே கம்பி இருக்கிறது. அதை உடைக்க விடாதீர்கள்.

உங்களுக்கு அடுப்பு வெளிச்சுவரில் இருப்பது அதிர்ஷ்டம். லாஃப்ட்டுக்கு அடியிலேயே பின்னால் நேராக வெளியே விட்டுவிடலாம். ஒவ்வொரு வளைவும் உறிஞ்சுகிற சக்தியைக் குறைக்கும், அதனால் ஒரு வளைவுக்கு மேல் வேண்டாம். சிம்னியை இப்போது வாங்கவும் வேண்டாம். ஆறு அங்குலக் குழாய் நுழைகிற ஓட்டையை, வட்டமாகத் துளைக்கிற கோர் கட்டிங் மெஷினில் போட்டு, வெளியே பறவை நுழையாதபடி மூடி போட்டு, பக்கத்தில் ஒரு பாயிண்ட் எடுத்து விட்டுவிடுங்கள். மகள் தீபாவளி போனஸில் வாங்கித் தரட்டும். அதுவரை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். சமையலறைக்குக் கதவு இருந்தால், அதைச் சாத்திவிட்டுத் தாளித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எலெக்ட்ரீஷியனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற சாமான்களை எல்லாம் எழுதிப் பக்கத்தில் இடத்தை எழுதுங்கள். கிரைண்டரை மறந்துவிடுவார்கள், எழுதும்போதே சொல்கிறேன். அரிசி ஊறப்போட்ட பாத்திரமும் கிரைண்டரும் குழாயும் ஒரு கை தூரத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். கனமான கிரைண்டரை ஒவ்வொரு தடவையும் தூக்கி வைக்க முடியாது, மூலையில் நிரந்தர இடம் கொடுங்கள். வாட்டர் பியூரிஃபையருக்குக் கரன்ட் மட்டும் போதாது, உள்ளே வருகிற தண்ணீருக்கு ஒரு வழி, கழிவு நீருக்கு ஒரு வழி என்று மூன்று வேண்டும். அதனால் அது சிங்க்குக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும். மெயின் போர்டிலிருந்து சமையலறைக்கென்று தனியாக இரண்டு லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில், தனி எம்.சி.பி.யோடு (லோடு அதிகமானால் தானாக விழுகிற சுவிட்ச்) இழுக்கச் சொல்லுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற சுவிட்ச்) இல்லை என்றால் இதோடு போட்டுவிடுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் சிங்க்குக்கு நேர் மேலேயும் பாயிண்ட் வரவே கூடாது.

ஹால் சுவர் நாலரை அங்குலச் சுவராக இருந்தால் அதில் ஒயர் பதிக்கப் படுக்கையாகக் காடி (நீளப் பள்ளம்) எடுக்க விடாதீர்கள், சுவர் பலவீனமாகும். ஒயரை லாஃப்ட் மட்டத்துக்கு மேலே வெளியே ஓட்டி, பாயிண்ட் வருகிற இடத்தில் மட்டும் செங்குத்தாக இறக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் இஞ்ச் டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஷெல்ஃப் மாட்ட ஆணி அடிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

மாடுலரைப் பற்றி. மேடைக்கு அடியில் கடப்பா கல் தடுப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். அதை உடைத்துவிட்டுப் பலகைப் பெட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடப்பாவுக்குத் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, கரையானும் அரிக்காது. உயர்த்துகிற பகுதியில் தடுப்பின் தலையில் ஒரு துண்டுக் கல்லை வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம். முன்னால் சட்டம் அடித்து ஷட்டர் மட்டும் மாட்டினால் பார்வைக்கு மாடுலர்தான். இழுப்பறை ஆசை இருந்தால் அடுப்புக்குப் பக்கத்து அறையில் மட்டும் ஒரு பெட்டி செய்து நுழைத்துவிடுங்கள், அஞ்சறைப்பெட்டியும் கரண்டிகளும் அங்கே போகட்டும். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்குகிற ரகத்துக்கான ஐ.எஸ். 710 முத்திரையைப் பலகையிலேயே பாருங்கள், பில்லில் மட்டும் பார்த்தால் போதாது. சிலிண்டர் அறையின் கதவில் கீழே காற்றோட்டத் துளைகள் கட்டாயம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில்தான் தேங்கும். டியூபைச் சுவருக்குள் விடக் கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

கல்லுக்கும் டைல்ஸுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடைக்கு அடர் நிற கிரானைட் போதும். ‘காஷ்மீர் ஒயிட்’ என்று காட்டுவார்கள், அது நம் மதுரைப் பக்கத்துக் கல்தான், பெயரில் மயங்காதீர்கள். வெள்ளைக் கல் மஞ்சள் கறையைக் குடித்துவிடும். மார்பிள் வேண்டவே வேண்டாம், புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும். சுவரில் மேடைக்கு மேலே இரண்டு அடி உயரத்துக்கு மட்டும், உடைந்த சுவரிலும் சிங்க் வருகிற பகுதியிலும், பழையதோடு போட்டி போடாத சாதாரண ஒற்றை நிற டைல்ஸ் ஒட்டுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டி அதிகமாக வாங்கி லாஃப்ட்டில் போடுங்கள். இன்னொரு முறை இந்தக் கதை வேண்டாம். பணத்தில் நாற்பதாயிரத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாமல். பழைய சுவரைக் கொத்தினால் உள்ளேயிருந்து ஏதாவது ஒன்று வரும்.

ஹால் சுவர் காய்வதற்கு நேரம் கொடுங்கள். உப்புப் பூத்த பூச்சை, ஈரம் தெரிகிற இடத்துக்கு மேலே ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டுச் சில வாரம் ஃபேன் காற்றில் விடுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டிப் பலகை வைத்தால் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். ஆசாரியை அளவு எடுக்க அழைப்பது தாள் உலர்ந்து, கிரானைட் பதித்து, கல் அசையாமல் நின்ற பிறகுதான். கடப்பா அறைகள் ஒன்றுகூட நேர்மட்டத்தில் இருக்காது, ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.